கோபக்காரிக்கு ஒரு லைசென்ஸ்

மேலூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டு வைத்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். என்னைக் கண்டதும் துண்டை எடுத்துக்கொண்டான்.

“வாங்கக்கா. ஒங்களுக்குத்தான் எடம் போட்டு வச்சேன்.”

யாரோ தெரிந்த பையன் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் முகம் பிடிபட்டது. போலீஸ் ஸ்டேஷனில் பார்த்த முகம். நான் சாட்சியாக இருக்கும் கொலைக் கேஸில் முதல் எதிரியாக இருப்பவனின் மச்சான். எழுந்துவிடலாம் என்றால் நடைபாதை முழுக்கக் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது.

“மாமா இன்னும் காலைல நடக்கப் போறாராக்கா? ஆனையூர் ரோடு முன்ன மாதிரி இல்ல. லாரிக்காரய்ங்க கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறாய்ங்க. அவருக்கு சுகர் வேற இருக்கு.”

என் வீட்டுக்காரருக்கு சர்க்கரை இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? என் வாய் எப்போதும் சும்மா இருக்காது, அன்றைக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பஸ் கிளம்பியதும் அவன் படியை நோக்கி நகர்ந்தான். இறங்குவதற்கு முன் திரும்பி, பல் தெரியச் சிரித்தான்.

“பாத்துப் போங்கக்கா.”

ஒத்தக்கடை தாண்டும் வரைக்கும் படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

விஷயம் இதுதான். மேலூருக்குப் பக்கத்தில் என் அப்பா வழியில் எனக்கு வந்த தென்னந்தோப்பு இருக்கிறது. குடியிருப்பது ஆனையூரில். வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய்த் தோப்பைப் பார்த்துவிட்டு வருவேன். தோப்பை ஒட்டினாற்போல் கண்மாய். அந்தக் கண்மாயில் மடையைத் திறந்து, அடைத்து, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து விடுகிறவரை நீர்பாய்ச்சி என்பார்கள். எங்கள் நீர்பாய்ச்சி என்னைத் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், கண்மாய்க்குள் இயந்திரத்தை இறக்கி மண்ணை அள்ளி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் லாரிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருவன் அவரைப் பிடித்துக்கொண்டான், இன்னொருவன் இரும்புக் கம்பியால் பின்மண்டையில் அடித்தான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் ஆள் போய்விட்டார்.

பார்த்தவர்கள் மூன்று பேர். கரையில் டீக்கடை வைத்திருந்தவர், ஆடு மேய்க்கிறவர், தோப்பில் நின்ற நான். கேஸ் விசாரணைக்கு வந்ததும் டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, “நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல” என்றார். ஆடு மேய்க்கிறவர் தனக்கு இரண்டு கண்ணிலும் புரை என்றார். அவர் ஆட்டுக்கூட்டத்தில் ஒரு குட்டி குறைந்தால் அரை மைலுக்கு அப்பாலிருந்து கண்டுபிடிக்கிற ஆள். அதற்குமேல் என் முறை வராமல் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டே போனார்கள். எதிரிகள் ஜாமீனில் வெளியே வந்திருந்தார்கள். நானும் மாற்றிச் சொல்லிவிட்டால் கேஸ் அம்புட்டுத்தான். நீர்பாய்ச்சியின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். “மாறிருவீகளாக்கா?” என்று ஒருநாள்கூட அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

பஸ்ஸில் நடந்ததை எழுதி எங்கள் பகுதி ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். எழுத்தர் ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார்.

“மெரட்டுனான்னு எழுதிருக்கீகளேம்மா. என்ன சொல்லி மெரட்டுனான்?”

“பாத்துப் போங்கக்கான்னு சொன்னான்.”

“சரி. மெரட்டலா என்ன சொன்னான்?”

“அதான்யா சொன்னான்!”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இதுல நான் எந்த செக்‌ஷனப் போடட்டும்? ஒங்களுக்கு எடம் வேற போட்டுக் குடுத்துருக்கான்.”

நான் சத்தம் போட்டதில் உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அவருக்குப் புரிந்தது. ஒரு போலீஸ்காரரை வீட்டு வாசலுக்கு அனுப்பினார். அந்த மனிதர் பத்து நாள் எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செல்போன் பார்த்தார். சித்திரைத் திருவிழா வந்தது. பந்தோபஸ்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மறுபடியும் போய்க் கேட்டேன்.

“ஆள் இல்லம்மா. எம்புட்டு நாளைக்கு ஒரு வீட்டுக்கு ஒரு ஆளப் போட முடியும்? பேசாம நீங்களே ஒரு துப்பாக்கி லைசென்ஸுக்குப் போட்டுருங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “போடுறேன்யா. பாரம் எங்க கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க” என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் குரலை உயர்த்தாதவர்.

“ஒனக்கா? துப்பாக்கியா? எனக்கு உசுரு மேல ஆசை இருக்கு தாயி.”

“சிரிச்சீங்க, கொன்னுபுடுவேன்” என்றேன். சிரித்தார். அப்புறம் அவரேதான் விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்துப் பூர்த்தி செய்தார். எனக்கு அந்தப் பாரத்தைப் பார்த்தாலே தலை கிறுகிறுத்தது. எதற்கு வேண்டும், எங்கே வைத்துப் பூட்டுவாய், முன்னால் வழக்கு உண்டா, மனநலம் சரியாக இருக்கிறதா, கையாளப் பயிற்சி எடுத்தாயா என்று அம்புட்டுக்கும் சான்று வேண்டும். மனநல மருத்துவர் என்னிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “நானா இருந்தாலும் தூங்க மாட்டேம்மா” என்றார்.

அடுத்து அக்கம்பக்கத்து விசாரணை. ஒரு ஏட்டு வந்து பக்கத்து வீட்டில் விசாரித்தார். அங்கே இருப்பவள் தையல் மெஷின் போட்டிருக்கிற பெண். மேலமாசி வீதிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள், என்மேல் உயிரையே வைத்திருக்கிறவள். அவர் போனதும் ஓட்டமும் நடையுமாக என்னிடம் வந்தாள்.

“அக்கா, ஒங்களப் பத்தி அப்பிடி எடுத்துச் சொல்லிருக்கேன். இனி லைசென்ஸ் வராமப் போவுதான்னு பாருங்க!”

லைசென்ஸ் வரவில்லை. அதற்குப் பதிலாக, நேரில் வந்து விளக்கம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. கூடவே விசாரணை அறிக்கையின் நகல். அதில் ஒரு வரியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

‘மனுதாரர் தன் கணவருக்கும் அண்டை வீட்டாருக்கும் அடிக்கடி கொலை மிரட்டல் விடுக்கும் பழக்கம் உடையவர் எனத் தெரியவருகிறது.’

கடிதத்தோடு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். “ஏட்டுக்கிட்ட நீ என்னடி சொன்ன?”

“உள்ளதத்தாங்க்கா சொன்னேன். எங்க அக்கா தங்கமானவுங்க, வாயி மட்டுந்தான், கோவம் வந்தா கொன்னுபுடுவேன்னு ஆரம்பிப்பாக, மாமாவ தெனம் நாலு தடவ கொல்லுவாக, என்னைய எம்புட்டோ தடவ கொன்னுருக்காக, ஆனா கொழம்பு வச்சா மொதக் கிண்ணம் எனக்குத்தான் வரும்னு சொன்னேன். அவரும் சிரிச்சுக்கிட்டேதான் எழுதுனாரு.”

“அடிப்பாவி, ஒன்னையக் கொன்னு…” என்று வந்ததை அப்படியே விழுங்கினேன். அவள் கொழம்பு வரை சொல்லியிருக்கிறாள். ஏட்டு கொலையோடு நிறுத்திக்கொண்டார். யாரைக் குறை சொல்வது? அவளும் அழுதாள், எனக்கும் அழுகை வந்துவிட்டது.

விளக்கம் கேட்ட அதிகாரி ஒரு பெண். வடக்கேயிருந்து வந்தவர், சின்ன வயது, பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர். சுத்தமாக, எழுத்துக்கு எழுத்து பேசினார். மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று நான் ஸ்டேஷனில் கொடுத்த புகார். இன்னொன்று ஏட்டின் அறிக்கை.

“அம்மா, இந்த நபர் உங்களிடம் ‘பார்த்துப் போங்கள்’ என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் எல்லோரிடமும் ‘கொன்றுவிடுவேன்’ என்று சொல்கிறீர்கள். யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.”

நியாயமான கேள்விதான். அந்த இரண்டு தாளைப் படிக்கிற யாரும் அதைத்தான் கேட்பார்கள்.  வாயைத் திறந்தால் கத்திவிடுவேன், கத்தினால் அறிக்கை சரி என்று ஆகிவிடும். அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

“மேடம், எங்க ஊர்ல அது ஒரு பேச்சு” என்றேன் கடைசியில். “கோவத்துலயும் வரும், பிரியத்துலயும் வரும்.”

“பிரியத்திலா?”

அந்த நேரம் அலுவலக உதவியாளர் அம்மா டீ கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும், காக்கிப் புடவை. அதிகாரி அவரை நிறுத்தினார்.

“நீங்கள் மதுரைதானே? ‘கொன்றுவிடுவேன்’ என்று வீட்டில் சொல்வீர்களா?”

அந்த அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். “இன்னைக்குக் காலைலகூட சொன்னேன் மேடம். எங்க வீட்டுக்காரரு பால் பாக்கெட்டக் கீழ போட்டுட்டாரு. கொன்னுபுடுவேன்னேன். வெளக்கமாத்த எடுத்துட்டு வந்து அவரே கூட்டிட்டாரு.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “சரி. யாராவது உங்களிடம் ‘பாத்துப் போங்கக்கா’ என்று சொன்னால்?”

அந்த அம்மா தட்டை மேசைமேல் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“வீட்டு ஆளுகளப் பத்தி விசாரிச்சானாம்மா?”

“ஆமா. இவருக்கு சுகர் இருக்குன்னு சொன்னான்.”

“சிரிச்சானா?”

“சிரிச்சான்.”

அவர் அதிகாரியைப் பார்த்து, “குடுத்துருங்க மேடம்” என்றார். தட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார்.

அதிகாரி அந்த இரண்டு தாளையும் இன்னொருமுறை படித்தார். இப்போது என் புகாரை அதிக நேரம் படித்தார். மறுவிசாரணைக்கு உத்தரவு போடுவதாகச் சொன்னார். சில வாரம் கழித்து லைசென்ஸ் வந்தது. ஒரே ஒரு கைத்துப்பாக்கி, எண்ணி வைத்த தோட்டா, குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். அந்தச் சின்னப் புத்தகத்தில் என் போட்டோவைப் பார்த்தேன். போட்டோவிலும் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

துப்பாக்கிக் கடை நான் நினைத்தது போல் இல்லை. இரும்புக் கதவு, உள்ளே இன்னொரு இரும்புக் கதவு, அதற்குள் தையல்கடை அளவுக்கு ஓர் அறை. கடைக்காரர் ஒரு பாய். வெள்ளைத் தாடி, அளந்து பேசுகிற மனிதர். என் லைசென்ஸைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“சாருக்கா?”

“எனக்கு” என்றேன்.

“உக்காருங்கம்மா.”

பச்சைத் துணியை விரித்து இரண்டை வைத்தார். ஒன்று பிஸ்டல், தட்டையாக, பளபளவென்று. இன்னொன்று ரிவால்வர், உருளை வைத்தது, கொஞ்சம் தடிமன். இரண்டும் பாயிண்ட் முப்பத்திரண்டு, சாதாரண ஆளுக்குச் சட்டம் அனுமதிக்கிற அளவு. எனக்குப் பிஸ்டல்தான் கண்ணில் பட்டது. கையில் எடுத்தேன். கைக்கு அடக்கமாக இருந்தது. அதில் தோட்டா கூடுதலாகப் பிடிக்கும் என்று வேறு சொன்னார். அந்த வெள்ளைச் சட்டைக்காரன் முகம் ஞாபகம் வந்தது. உள்ளங்கை சூடாகிவிட்டது. நெஞ்சில் ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை.

“எங்க வச்சுக்கிட்டுப் போவீங்க?” என்று கேட்டார்.

“கைப்பையில.”

“பைய மடில வைங்க. இத உள்ள போடுங்க. தோட்டா இல்ல, பயப்படாதீங்க. ஜிப்ப மூடுங்க. நான் சொன்னதும் வெளிய எடுக்கணும். ம்.”

ஜிப் பாதியில் சிக்கியது. தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, குடை, சில்லறைப் பர்ஸ். அவர் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார். துப்பாக்கி என் கைக்கு வந்தபோது பன்னிரண்டு எண்ணியிருந்தார். கூடவே கர்ச்சீப்பும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“பைக்ல வரவனுக்கு மூணு எண்ணுனாப் போதும்மா.”

“அப்ப வேணாங்கறீங்களா?”

“அத நான் சொல்லக் கூடாது. வித்துப் பொழைக்கிறவன் நான். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். இத வெளிய எடுத்துட்டீங்கன்னா, அப்புறம் சும்மா காட்டுறதுங்கற பேச்சுக்கு எடமில்ல. காட்டி மெரட்டுனா சட்டம் ஒங்களத்தான் உள்ள தூக்கி வைக்கும். ஒங்களுக்குக் கோவம் எப்பிடி?”

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் இருமினார். பாய் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பிஸ்டலைத் துணியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். ரிவால்வரை என் பக்கம் நகர்த்தினார்.

“இத இழுத்துப் பாருங்க. சுவரப் பாத்து.”

இழுத்தேன். விசை அசைய மறுத்தது. முழு விரலையும் மடக்கி, பல்லைக் கடித்து இழுத்த பிறகுதான் உருளை திரும்பி ‘டக்’ என்றது.

“என்ன பாய் இம்புட்டுக் கஷ்டமா இருக்கு?”

“கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காகத்தான் இது. சட்டுனு கோவம் வந்தா வெரலு சொன்ன பேச்சு கேக்காது. கடைசிவரைக்கும் இழுக்கணும்னா நெசமாவே இழுக்கணும்னு இருக்கணும். ஒங்களுக்கு இதுதாம்மா.”

என்னை அறியாத ஆள் அரைமணி நேரத்தில் என்னை எடை போட்டுவிட்டாரே என்று ஆத்திரம். ஆனாலும் அதைத்தான் வாங்கினேன். எண்ணைப் பதிந்து, கையெழுத்து வாங்கி, சுத்தம் செய்யவும் பத்திரமாக வைக்கவும் கற்றுக்கொடுத்து அனுப்பினார். கோர்ட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, கோயிலுக்குக் கூடாது, கல்யாணத்துக்குக் கூடாது என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். தோப்புக்குப் போக, பஸ்ஸில் வர, வீட்டில் இருக்க எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

வீட்டில் இரும்பு பீரோவுக்குள் தனிப் பெட்டி வாங்கிப் பூட்டினோம். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் காபி டம்ளரைத் தட்டிவிட்டார். சலவை செய்து வைத்திருந்த துணியெல்லாம் காபி.

“ஒங்களக் கொன்னு…”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பீரோவைப் பார்த்தோம். மீதி வார்த்தை எனக்கு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. குனிந்து துணியைப் பொறுக்கினார். நான் இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன். “சரி விடுங்க” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. நான் பேசினால் பார்த்துப் பார்த்துப் பேசினேன். பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வாசலோடு போனாள். வாசலில் பைக் சத்தம் கேட்டால் சாவி இருக்கிற இடத்துக்குக் கை போயிற்று. தபால்காரர் பைக் என்றாலும் போயிற்று. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒரு தடவ திட்டிரு. என்னமோ செத்த வீடு மாதிரி இருக்கு.”

 முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை.

வாங்கிப் பதினோராம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன். தேர்தல் அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடிந்த பிறகு திருப்பித் தருவார்கள். அதே வாரம்தான் அரசு வக்கீலும் கூப்பிட்டிருந்தார். என் சாட்சிக்குத் தேதி குறித்தாயிற்று, இதற்குமேல் வாய்தா கிடையாது என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். தேதி தேர்தலுக்கு முன்னால் விழுந்தது.

விலக்கு கேட்டு என் வீட்டுக்காரர் மனு எழுதினார். பதில் வரவில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். எழுத்தர் எண்ணைச் சரிபார்த்து, தோட்டாவை எண்ணி, ஒரு ரசீது கொடுத்தார்.

“எவென் எவென் அருவாளோட அலையுறான், அவென்கிட்ட எல்லாம் ரசீது குடுத்து வாங்கிட்டீகளா?” என்று கேட்டேன்.

“அவென்கிட்ட லைசென்ஸ் இல்லையேம்மா” என்றார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

சாட்சி சொல்லப் போகிற அன்று காலையில் வீட்டுக்காரர் நடக்கப் போகவில்லை. ஆட்டோ வேண்டாம், கூட்டமான பஸ்தான் நல்லது என்று முடிவு செய்தோம். பஸ் நின்ற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிற முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோர்ட்டு வராந்தாவில் நீர்பாய்ச்சியின் மனைவி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். “வந்துட்டீகளாக்கா?” என்றாள். அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கூண்டில் ஏறினேன். எதிர்க் கூண்டில் எதிரிகள் இரண்டு பேரும் கை கட்டி நின்றார்கள். அரசு வக்கீல் கேட்கக் கேட்கச் சொன்னேன். பத்து மணி, லாரி, விரித்த கை, யார் பிடித்தது, யார் அடித்தது, கம்பி எவ்வளவு நீளம். கையை நீட்டி ஆளைக் காட்டினேன். ஒன்றையும் விடவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கண்மாயைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கையில் ஏட்டின் அறிக்கை நகல் இருந்தது.

“கொலை மிரட்டல் விடுற பழக்கம் ஒங்களுக்கு உண்டா?”

“அது பேச்சு வழக்கு.”

“உண்டா, இல்லையா?”

“அந்த வார்த்தையச் சொல்லுவேன்.”

“துப்பாக்கி வாங்கியிருக்கீங்க?”

“ஆமா.”

“யாருக்காக?”

“எனக்குப் பயந்துதான்… எனக்குப் பயமா இருந்துச்சு. இவங்களுக்குப் பயந்து வாங்குனேன்.”

“ஆக, இவங்க மேல ஒங்களுக்கு ஏற்கெனவே பகை இருக்கு. அந்தப் பகையில பொய்ச் சாட்சி சொல்றீங்க.”

“பகை இல்லய்யா.”

“பகை இல்லன்னா துப்பாக்கி எதுக்கு? சரி, இன்னைக்கு அந்தத் துப்பாக்கி எங்க?”

“ஸ்டேஷன்ல. எலெக்‌ஷனுக்கு வாங்கி வச்சுட்டாங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் லேசாகச் சிரித்தார்.

“துப்பாக்கி இல்லாம, இவங்க நிக்கிற எடத்துக்குத் தைரியமா வந்து நிக்கிறீங்க. அப்ப பயம்னு சொன்னது பொய். பயம் பொய்ன்னா நீங்க சொன்ன அம்புட்டும் பொய். சரியா?”

எனக்குள் குப்பென்று ஏறியது. அந்த வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் நின்றது. சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார். அவர் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார். கூண்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கோபம் மெல்ல இறங்கிற்று. அது இறங்கியபோது அதற்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்கே தெரிந்தது. வாழ்நாளில் யாரிடமும், என் வீட்டுக்காரரிடம்கூட, நான் அதை நேராகச் சொன்னதில்லை.

“தைரியம் இல்லய்யா. பயமா இருக்கு. இப்பவும் பயமா இருக்கு. இந்தா, கையப் பாருங்க” என்றேன். கைப்பிடியிலிருந்து கையை எடுத்து நீட்டினேன். நடுக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. “வீட்டுக்குத் திரும்பிப் போவேனான்னு தெரியல. எங்க வீட்டுக்காரரு நாளைக்கு நடக்கப் போனா வருவாரான்னு தெரியல. அதுக்காக, நான் பாத்தது பாக்காததா ஆயிருமா?”

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நீதிபதி கையை உயர்த்தினார். தட்டச்சு செய்கிற பெண்ணிடம் என் வாக்குமூலத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “எனக்கு இப்போதும் பயமாக உள்ளது. நான் பார்த்ததைப் பார்த்தேன். சாட்சியின் கைகள் நடுங்குகின்றன.”

தாள்கள் வந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்தேன். முதல் எழுத்தே கோட்டைத் தாண்டி ஓடியது. நீதிமன்ற ஊழியர் எட்டிப் பார்த்தார்.

“வழக்கமாப் போடுற மாதிரி போடுங்கம்மா.”

“வரலய்யா. இன்னைக்கு இப்பிடித்தான் வருது.”

ஊழியர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். ஏழு பக்கத்திலும் அப்படியே கோணல்மாணலாகப் போட்டுக் கொடுத்தேன்.